சுற்றுலாவும் பால்வினை நோய்களும்: தாய்லாந்தின் அனுபவம்

ஒரு நாட்டின் அந்நியச் செலாவணி வருவாயில் சுற்றுலாவின் பங்கைக் கணக்கிடுவது எளிது. வந்திறங்கிய பயணிகளின் எண்ணிக்கை, அவர்கள் தங்கிய நாட்கள், செலவிட்ட தொகை ஆகியவை ஆண்டுதோறும் புள்ளிவிவரங்களாக வெளிவருகின்றன. ஆனால் அதே பயணங்களால் விளையும் சில செலவுகள் எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறுவதில்லை. அயல்நாட்டில் பணம் கொடுத்துப் பாலுறவு கொண்ட பயணி நோயுடன் நாடு திரும்பும்போது, அந்நோயின் சுமையை அவர் மட்டும் தாங்குவதில்லை. அவருடைய மனைவியும், பிறக்கவிருக்கும் குழந்தையும், அரசு மருத்துவமனையும் அச்சுமையில் பங்கு ஏற்கின்றனர். அதேபோல், அவர் விட்டுவந்த ஊரில் அத்தொழிலில் இருக்கும் பெண்ணும் நோயின் சுமையைச் சுமக்கிறார்.

இப்பிரச்சினையை ஒழுக்கக் கண்ணோட்டத்தில் மட்டும் அணுகுவது நம்மிடையே வழக்கமாக இருந்து வந்துள்ளது. பொதுச் சுகாதாரம், பொருளாதாரம் ஆகிய இரு நோக்குகளிலும் இதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்குத் தாய்லாந்தின் அனுபவம் மிகவும் பயனுள்ளது. நோய் எவ்வாறு பரவியது என்பதற்கும், ஓர் அரசு அதை எவ்வாறு கட்டுப்படுத்தியது என்பதற்கும் அந்நாட்டில் தெளிவான சான்றுகள் உள்ளன.

தொழில் வளர்ந்த விதம்

தாய்லாந்தில் பாலியல் தொழில் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆயினும் 1966-இல் இயற்றப்பட்ட கேளிக்கை இடங்கள் சட்டம் மதுக்கூடங்கள், நடன அரங்குகள், உடல்பிடிப்பு நிலையங்கள் ஆகியவற்றுக்கு உரிமம் வழங்க வகை செய்தது. தடை செய்யப்பட்ட தொழில் உரிமம் பெற்ற இடங்களின் பின்கட்டில் நடைபெற இது வழிவகுத்தது. வியட்நாம் போரின்போது, 1967-இல், அமெரிக்கப் படைவீரர்கள் ஓய்வுக்காகத் தாய்லாந்துக்கு வந்து செல்ல இரு நாடுகளுக்கும் இடையே ஏற்பாடு செய்யப்பட்டது. அமைதியான மீனவர் ஊராக இருந்த பட்டாயா இக்காலத்தில்தான் கேளிக்கை நகரமாக உருமாறத் தொடங்கியது.

அமெரிக்கப் படைகள் 1976-இல் வெளியேறின. ஆனால் அவற்றுக்காக எழுந்த விடுதிகளும் மதுக்கூடங்களும் மூடப்படவில்லை. அவை சுற்றுலாப் பயணிகளை நாடின. அரசு சுற்றுலா ஆண்டாகக் கொண்டாடிய 1987-இல் சுமார் 35 லட்சம் பயணிகள் வந்தனர். 2019-இல் இந்த எண்ணிக்கை 4 கோடியை நெருங்கியது. தொழிலுக்கு வேண்டிய ஆட்கள் வடக்கு, வடகிழக்கு மாகாணங்களின் வறிய கிராமங்களிலிருந்து வந்தனர். நெல் சாகுபடியில் கிட்டும் வருமானத்துக்கும் நகரத்திலிருந்து மகள் அனுப்பும் பணத்துக்கும் இடையிலிருந்த வேறுபாடே இப்பெயர்ச்சிக்கு முக்கியக் காரணம் எனலாம்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் அவசியம். தாய்லாந்தில் இத்தொழிலின் வாடிக்கையாளர்களுள் பெரும்பான்மையோர் உள்நாட்டு ஆண்களே. அயல்நாட்டுப் பயணி இப்பெரிய சந்தையின் ஒரு கிளை மட்டுமே. எனினும், எல்லை கடந்து நோயை எடுத்துச் செல்பவர் என்ற வகையில் அவர் தனிக்கவனத்துக்கு உரியவராகிறார்.

நோய் பரவிய வேகம்

தாய்லாந்தில் முதல் எய்ட்ஸ் நோயாளி 1984-இல் கண்டறியப்பட்டார். அடுத்த மூன்று ஆண்டுகளில் நோய் பெரிதும் பரவியதாகத் தெரியவில்லை. பின்னர் நிலைமை திடீரென மாறியது. பாங்காக் நகரில் ஊசி மூலம் போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோரிடையே சுமார் 1 விழுக்காடாக இருந்த எச்.ஐ.வி. தொற்று, 1988-ஆம் ஆண்டுக்குள்ளேயே 30 விழுக்காட்டைத் தாண்டியது. 1989 ஜூன் மாதத்தில் நடத்தப்பட்ட கண்காணிப்பு ஆய்வு மேலும் அதிர்ச்சி அளித்தது. சியாங் மாய் நகர விடுதிகளில் பரிசோதிக்கப்பட்ட பாலியல் தொழிலாளர்களுள் 44 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது.

இதற்குப்பின் தொற்று வாடிக்கையாளர்களுக்கும், அவர்கள் வழியாக மனைவியருக்கும் சென்றது. படையில் சேர்க்கப்படும் 21 வயது இளைஞர்களிடையே 1993-இல் தொற்று ஏறக்குறைய 4 விழுக்காட்டை எட்டியது. கருவுற்ற பெண்களிடையே அது 1995-இல் 2 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. இப்பெண்களுள் பெரும்பாலோர் எந்தக் கேளிக்கை விடுதியையும் கண்டவர்களல்லர்.

பயணிக்கு ஏன் கூடுதல் இடர்?

சொந்த ஊரில் எச்சரிக்கையாக நடந்துகொள்ளும் மனிதர் அயல்நாட்டில் ஏன் வேறுவிதமாக நடந்துகொள்கிறார் என்ற கேள்வி எழலாம். தம்மை அறிந்தவர் எவருமில்லை என்ற எண்ணம், கையில் உள்ள பணம், மது, உடன்வந்தோரின் தூண்டுதல் ஆகியவை இதற்குக் காரணங்களாகும். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஆய்வறிக்கை ஒன்று, அயல்நாட்டுப் பயணிகளுள் சுமார் 20 விழுக்காட்டினர் பயணத்தின்போது புதியவர்களுடன் பாலுறவு கொண்டதாகவும், அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆணுறையைப் பயன்படுத்தவில்லை என்றும் கூறுகிறது. பணம் கொடுத்தோர், கொடுக்காதோர் ஆகிய இருசாராரும் இதில் அடங்குவர்.

பிரிட்டனின் பதிவுகள் இதன் விளைவைக் காட்டுகின்றன. அந்நாட்டில் பிறந்து, 2002 முதல் 2010 வரையில் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டவர்களுள் சுமார் 15 விழுக்காட்டினர் அதை அயல்நாட்டில் பெற்றவர்கள். அந்த அயல்நாடுகளின் வரிசையில் தாய்லாந்து முதலிடம் வகித்தது.

பொருளியல் மாணவர்கள் இதில் மற்றொரு கூறையும் கவனிக்க வேண்டும். எந்தச் சந்தையிலும் வாங்குவோருக்கும் விற்போருக்கும் பொருளைப் பற்றிய தகவல் சமமாக இருப்பதில்லை. இங்கோ இரு தரப்பினருக்குமே தகவல் இல்லை. பயணிக்கு அப்பெண்ணின் உடல்நிலை தெரியாது. அப்பெண்ணுக்குப் பயணியின் உடல்நிலை தெரியாது. பல சமயங்களில் தத்தம் உடல்நிலையே அவர்களுக்குத் தெரியாது. கிளமீடியா, வெட்டை நோய் ஆகியவை பெண்களிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. எச்.ஐ.வி. தொற்றிய ஒருவர் பல ஆண்டுகள் நல்ல உடல்நலத்துடன் காணப்படலாம். ஆகவே தோற்றத்தைக் கொண்டோ, விடுதியின் தரத்தைக் கொண்டோ, கட்டணத்தின் உயர்வைக் கொண்டோ இடரை அளவிட முடியாது.

மருத்துவச் சான்று அட்டையை நம்புவதும் தவறு. தொற்று ஏற்பட்டதற்கும் அது பரிசோதனையில் புலப்படுவதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. இது மருத்துவத்தில் சாளரக் காலம் எனப்படும். எச்.ஐ.வி.க்குரிய புதிய ஆய்வகப் பரிசோதனைகளுக்கும் 18 முதல் 45 நாட்கள் வரை ஆகலாம். சில விரைவுப் பரிசோதனைகளுக்கு 90 நாட்கள் வரை தேவைப்படும். மேலும், சான்று பெற்ற நாளின் மாலையிலேயே அடுத்த வாடிக்கையாளர் வந்துவிடுகிறார். அச்சான்று கடந்த காலத்தைப் பற்றியதேயன்றி இன்றைய நிலையைப் பற்றியதன்று.

நோய்களும் அவற்றின் கால அளவுகளும்

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயது வரையிலானோரிடையே குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினை நோய்களால் மட்டும் 37 கோடியே 40 லட்சம் புதிய தொற்றுகள் ஏற்பட்டன. டிரைகோமோனியாசிஸ், கிளமீடியா, வெட்டை நோய், சிபிலிஸ் எனப்படும் மேகப்புண் ஆகியவையே அந்நான்கு.

இவற்றின் அறிகுறிகள் தோன்றும் காலத்தைப் பயணி அறிந்திருத்தல் நலம். வெட்டை நோய் ஆண்களிடம் பொதுவாக ஒரு வாரத்துக்குள் சிறுநீர் எரிச்சலாகவும் சீழ் வடிதலாகவும் வெளிப்படும். மேகப்புண் சராசரியாக 3 வாரங்களில், சிலரிடம் 90 நாட்கள் வரை கழித்து, வலியற்ற புண்ணாகத் தோன்றும். அப்புண் மருந்தின்றியே ஆறிவிடும். நோய் நீங்கிவிட்டதாக எண்ணிப் பலர் வாளாவிருந்து விடுகின்றனர். கிருமி உடலினுள் தங்கிப் பிற்காலத்தில் இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வெளிப்பட 1 முதல் 6 மாதங்கள் ஆகலாம். ஆகவே விடுமுறை முடிந்து, விமானம் ஏறி, வீடு திரும்பி, வழக்கமான வாழ்க்கையைத் தொடங்கிய பின்னரே பெரும்பாலான நோய்கள் தலைகாட்டுகின்றன. மனைவிக்குத் தொற்று சேரும் காலமும் இதுவே.

மருந்துக்கு அடங்காத வெட்டை நோய் தனிக் கவலைக்குரியது. பெனிசிலின் மருந்தைச் செயலிழக்கச் செய்யும் வெட்டை நோய்க் கிருமி 1976-இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கண்டறியப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவுடனும் மேற்கு ஆப்பிரிக்காவுடனும் அதற்குத் தொடர்பு இருந்தது. நாற்பதாண்டுகளுக்குப் பின்னர், 2018-இல், இங்கிலாந்தில் ஒருவருக்கு ஏற்பட்ட வெட்டை நோய், அப்போது வழக்கிலிருந்த செஃப்டிரையாக்சோன், அசித்ரோமைசின் ஆகிய இரு மருந்துகளையும் எதிர்த்து நின்றது. அவர் சில வாரங்களுக்கு முன் தென்கிழக்கு ஆசியாவில் பாலுறவு கொண்டவர். இறுதியில், நரம்பு வழியாகச் செலுத்தப்படும் வேறொரு மருந்தாலேயே அவர் குணமடைந்தார். மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி அரைகுறையாக உட்கொள்ளும் பழக்கம் இத்தகைய கிருமிகளை வளர்க்கிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நூறு விழுக்காட்டு ஆணுறைத் திட்டம்

நோய் பரவிய நிலையில் தாய்லாந்து அரசு என்ன செய்தது? ராட்சபுரி மாகாணத்தில் பொதுச் சுகாதார அதிகாரியான டாக்டர் விவாட் ரோஜனபித்தயகோர்ன் 1989-இன் இறுதியில் ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கினார். அதன் தத்துவம் எளிமையானது. ஒரு விடுதி மட்டும் ஆணுறையைக் கட்டாயமாக்கினால், விரும்பாத வாடிக்கையாளர் அடுத்த விடுதிக்குச் சென்றுவிடுவார். அந்த விடுதியின் உரிமையாளரும் அங்குள்ள பெண்ணும் வருமானத்தை இழப்பர். எனவே தனியொருவர் முயன்று பயனில்லை. மாகாணத்திலுள்ள எல்லா விடுதிகளும் ஒரே நாளில் இவ்விதியை ஏற்றால், வாடிக்கையாளருக்கு வேறு போக்கிடம் இராது. எவருக்கும் இழப்பும் இராது. கூட்டு நடவடிக்கையின்றித் தீர்க்க முடியாத பிரச்சினைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

கண்காணிப்பு முறையும் சிக்கனமானது. அரசு மருத்துவ நிலையத்துக்குப் பால்வினை நோயுடன் வரும் ஆணிடம், அவர் எந்த விடுதிக்குச் சென்றார் என்று கேட்கப்பட்டது. அந்த விடுதி விதியை மீறியுள்ளது என்பதற்கு நோயே சான்றாயிற்று. முதலில் அறிவுரை, பின்னர் எச்சரிக்கை, இறுதியாகத் தற்காலிக மூடல் என நடவடிக்கைகள் அமைந்தன. ஆணுறைகளை அரசே இலவசமாக வழங்கியது. சுகாதாரத் துறை, காவல் துறை, மாகாண ஆளுநர் ஆகியோர் இணைந்து செயல்பட்டாலன்றி இது நடந்திராது.

இத்திட்டம் 1991-இல் தேசியக் கொள்கையாக ஏற்கப்பட்டு, அடுத்த ஆண்டில் நாடெங்கும் விரிவுபடுத்தப்பட்டது. அப்போதைய பிரதமர் ஆனந்த் பன்யாரச்சுன் தேசிய எய்ட்ஸ் குழுவுக்குத் தாமே தலைமை ஏற்றார். குடும்பநலப் பணியில் புகழ்பெற்றிருந்த மெச்சாய் விரவைத்யா அமைச்சராகப் பொறுப்பேற்று, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் விரிவான விளம்பர இயக்கத்தை நடத்தினார். சுற்றுலா வருவாய் குறைந்துவிடும் என்ற அச்சத்தால் உண்மையை மூடிமறைக்கும் போக்கு அதற்கு முன் இருந்தது. அப்போக்கைக் கைவிட்டதே திட்டத்தின் முதல் வெற்றி எனலாம்.

முடிவுகள் குறிப்பிடத்தக்கவை. பாலியல் தொழிலில் ஆணுறைப் பயன்பாடு 1989-இல் 14 விழுக்காடாக இருந்து, சில ஆண்டுகளில் 90 விழுக்காட்டைத் தாண்டியது. அரசு மருத்துவ நிலையங்களில் பதிவான பால்வினை நோயாளிகளின் எண்ணிக்கை 1987-இல் 4 லட்சத்துக்கு மேல் இருந்தது. 1990-களின் நடுவில் அது 30 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. புதிதாக எச்.ஐ.வி. தொற்று ஏற்படுவோர் 1991-இல் ஏறத்தாழ 1,43,000 பேர் என்றும், 2003-இல் 19,000 பேர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் மேகப்புண்ணும் பரவுவதை ஒழித்த முதல் ஆசிய நாடாக 2016-இல் தாய்லாந்தை உலகச் சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது.

திட்டத்தின் வரம்புகள்

இவ்வெற்றிக்கு வரம்புகளும் உண்டு. விதியைக் காக்கும் பொறுப்பு பெரிதும் பெண்கள்மீதே சுமத்தப்பட்டது. அவர்களது உரிமைகள் போதிய அளவு மதிக்கப்படவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. உரிமம் பெற்ற விடுதிகளில் பின்பற்றப்பட்ட விதி, தெருவிலும் கடற்கரையிலும் தனித்து இயங்குவோரிடம் அதே அளவு செல்லுபடியாகவில்லை. ஆணுறை விடுதியில் பயன்பட்டதேயன்றி வீட்டில் பயன்படவில்லை. ஆகவே முன்பே தொற்றுக்கு ஆளான கணவரிடமிருந்து மனைவிக்கு நோய் பரவுவது தொடர்ந்தது. மேலும், 1997-இல் ஏற்பட்ட நிதி நெருக்கடியையடுத்து எய்ட்ஸ் தடுப்புக்கான ஒதுக்கீடு குறைக்கப்பட்டது. நோய் குறைந்தவுடன் நிதியையும் குறைப்பது எல்லா அரசுகளுக்கும் ஏற்படும் ஆசை. தடுப்புப் பணியின் பலன் நடக்காமற்போன நிகழ்ச்சிகளில் அடங்கியிருப்பதால், வரவு செலவுத் திட்ட விவாதங்களில் அதற்காக வாதாடுவோர் குறைவு.

நமக்கு உரிய படிப்பினைகள்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நம் நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் அத்தொற்றுடன் வாழ்கின்றனர். அதே ஆண்டில் தாய்லாந்துக்குச் சென்ற இந்தியப் பயணிகள் 16 லட்சத்துக்கும் அதிகமாவர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் குடும்பத்துடனோ தொழில் நிமித்தமாகவோ செல்பவர்கள். எனினும் எஞ்சியோருக்குத் தேவையான செய்தியை எவரும் சொல்லாமல் விடுவது பொறுப்பாகாது.

அச்செய்தி சுருக்கமானது. பணம் கொடுத்துப் பெறும் பாலுறவைத் தவிர்ப்பதே இடரைத் தவிர்க்கும் உறுதியான வழி. தவிர்க்காதவர் ஒவ்வொரு முறையும், தொடக்கம் முதல் இறுதி வரை, ஆணுறை அணிதல் வேண்டும். எச்.ஐ.வி., வெட்டை நோய், கிளமீடியா ஆகியவற்றிலிருந்து அது சிறந்த காப்பளிக்கிறது. ஹெர்பிஸ், மேகப்புண், மனிதப் பாப்பிலோமா வைரஸ் ஆகியவை ஆணுறை மறைக்காத தோலின் வழியாகவும் பரவக்கூடுமாதலால், அவற்றுக்கு எதிராக அதன் காப்பு முழுமையானதன்று. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக 6 மாத காலத்தில் 3 தவணைகளாகப் போடப்படுவதால், பயணத்துக்கு நெடுநாட்களுக்கு முன்பே தொடங்கப்பட வேண்டும்.

ஆணுறை கிழிந்துவிட்டாலோ பயன்படுத்தப்படாவிட்டாலோ, 72 மணி நேரத்துக்குள் மருத்துவரை அணுகுதல் மிக முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை அக்கால எல்லைக்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று. நாடு திரும்பிய பின் அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முதல் பரிசோதனையில் தொற்றில்லை என்று வந்தாலும், சாளரக் காலம் முடிந்தபின் அதை மறுபடி செய்துகொள்ள வேண்டும். அதுவரை மனைவியுடன் ஆணுறையின்றி உறவு கொள்ளலாகாது. இதை அவரிடம் எவ்வாறு சொல்வது என்ற தயக்கமே பல குடும்பங்களில் நோய் பரவக் காரணமாகிறது. ஆலோசகரின் துணை இங்குதான் தேவைப்படுகிறது.

இப்பரிசோதனையும் ஆலோசனையும் அரசு மருத்துவமனைகளில், தமிழகத்தில் நம்பிக்கை மையங்கள் என்ற பெயரில் இயங்கும் நிலையங்களில், இலவசமாகக் கிடைக்கின்றன. 1097 என்ற தொலைபேசி எண்ணிலும் விளக்கம் பெறலாம். தொற்று உறுதியானாலும் அஞ்சித் தலைமறைவாக வேண்டியதில்லை. 2004 முதல் அரசு நிலையங்கள் கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கி வருகின்றன. மருந்தைத் தவறாது உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் புலப்படாத நிலையை எய்தி அதிலேயே நீடிப்பவரிடமிருந்து பாலுறவின் வழியாகத் தொற்று பரவுவதில்லை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், நோயாளியின் ஒப்புதலின்றி அவரது நிலையை வெளியிடுவதையும், வேலையிலும் கல்வியிலும் அவருக்கு எதிராகப் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது.

சட்டத்தின் மற்றொரு பக்கத்தையும் பயணி அறிந்திருக்க வேண்டும். தாய்லாந்தின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிரம்பாதவருடன் இத்தகைய உறவு கொள்ளும் வாடிக்கையாளரையும் தண்டிக்கிறது. இந்தியக் குடிமகன் உலகின் எப்பகுதியில் குற்றம் புரிந்தாலும் அவர்மீது நம் நாட்டுச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா வகை செய்கிறது. இதற்கு முன்னிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இத்தகைய வகைமுறை இருந்தது. எல்லையைக் கடந்ததும் சட்டம் பின்தங்கிவிடும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

அதிகாரிகள் செய்யத்தக்கது

பயணத்துக்கு முன்னரே செய்தி சேர்வதுதான் முக்கியம். அயல்நாடு செல்வோருக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போடும் நிலையங்கள், கப்பல் பணியாளர்களை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தும் அலுவலகங்கள், அயல்நாட்டு வேலைக்குச் செல்வோருக்கான பயிற்சி மையங்கள் ஆகிய இடங்களில் ஒரு பக்கத் துண்டறிக்கையை வழங்குவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. விற்பனையில் சிறந்த முகவர்களைக் கூட்டமாக அயல்நாட்டுச் சுற்றுலாவுக்கு அனுப்பும் தொழில் நிறுவனங்களும் இப்பொறுப்பில் பங்கேற்கலாம். 1968-இல் நிரோத் திட்டத்தைத் தொடங்கி, சாதாரண மளிகைக் கடையிலும் ஆணுறையைக் கிடைக்கச் செய்த நாட்டுக்கு இது இயலாத செயலன்று.

ராட்சபுரியில் தொடங்கிய முயற்சி பாலியல் தொழிலை ஒழித்துவிடவுமில்லை, அதை நியாயப்படுத்தவுமில்லை. தொழில் நடக்கிறது என்ற உண்மையை ஒப்புக்கொண்டு, அதனால் விளையும் மரணங்களைக் குறைக்க முற்பட்டது. அயல்நாட்டிலிருந்து திரும்பும் ஒருவர் வெட்கத்தால் மறைக்காமல் மருத்துவரிடம் வரும் சூழ்நிலையை உருவாக்குவதே நம் நிர்வாகத்தின் முதற்கடமையாக இருத்தல் வேண்டும். அவர் வந்தால் ஒரு குடும்பத்தைக் காக்கலாம். அவர் வாராமற்போனால், அந்தப் பயணத்தில் எவ்விதப் பங்கும் இல்லாத பெண் அதற்குரிய விலையைக் கொடுக்க நேரிடும்.